தண்ணீர் பட்ட பந்து

திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் நடந்துகொண்டிருந்தோம். அவன் முன்னால் போனான், நான் சற்றுப் பின்னால். செங்கல்பட்டின் கடைசி வீடுகள் முடிந்து வயல் தொடங்கியிருந்தது. மழை விட்டுவிட்டது. புளியமரங்கள் விடவில்லை, காற்று அடித்தபோதெல்லாம் எங்கள் மேல் இன்னொரு முறை பெய்தன. இருவரும் கல்லூரி ஜெர்சியைக் கழற்றாமலே கிளம்பியிருந்தோம். அவன் முதுகிலிருந்த ஐந்தாம் எண்ணைச் சேறு பாதி மறைத்திருந்தது. இரண்டு ஜோடி பூட்ஸையும் லேஸால் முடிந்து நான் தோளில் போட்டிருந்தேன். அவன் தன்னுடையதை மைதானத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு நடந்துவிட்டான். கல்லூரிப் பொருள், திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நான்தான் எடுத்துக்கொண்டேன்.

மாமல்லபுரம் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. கை காட்டியிருந்தால் நின்றிருக்கும். அவன் காட்டவில்லை. பஸ்ஸில் எங்கள் கல்லூரிப் பையன்கள் இருந்தார்கள். ஒருவன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, இரண்டு கைகளையும் குவித்து, கீழே கிடக்கிற பந்தைப் பொறுக்கி எடுப்பதுபோல் செய்து காட்டினான். பஸ் வளைவு திரும்பும்வரை சிரிப்பு கேட்டது.

அன்று காலை கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியின் அரையிறுதி. ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது, எங்கள் பெனால்டி பாக்ஸுக்குள், பக்கத்தில் எதிராளி ஒருவனும் இல்லாத நேரத்தில், அவன் பந்தைக் கையால் எடுத்தான். நாங்கள் தோற்றோம்.

அவன் ஏன் எடுத்தான் என்பது அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். எங்கள் ஜனம் செங்கல்பட்டைச் சுற்றி மற்றவர் நிலத்தில் கூலி வேலை செய்த ஜனம். அம்மா காலத்தில் அது தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிற வேலையாக மாறியிருந்தது. காலனி மாதாகோயில் சாமியார் எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு பந்தில் ஆட்டம் கற்றேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு லாரியில் கிளீனராகப் போனேன், ஓட்டலில் தட்டு கழுவினேன், மறுபடி வந்து எப்படியோ பிளஸ் டூ தேறினேன். கால் ஓடியதால் கல்லூரியில் இடம் கிடைத்தது. வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று இன்று கேட்டால் ஒரு வரி சொல்ல வராது. விடுதிச் சாப்பாட்டுக்காகவே இருந்தேன். சீசன் முடிகிறவரை அணியில் இருக்கிறவனுக்கு மெஸ்ஸில் காலையில் இரண்டு முட்டை உண்டு. அணி தோற்று வெளியேறினால் மறுநாளிலிருந்து முட்டை கிடையாது. சொல்லி நிறுத்துவதில்லை, தட்டில் வராது, அவ்வளவுதான்.

அவன் கடைசி வருஷம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவனுடையது. அவன் ஆடியது ஸ்டாப்பர், கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரன். நான் அவனுக்கு வலப்பக்கம், ரைட் ஹாஃப். அவன் உயரம் அதிகமில்லை, ஆனால் படகு தள்ளித் தள்ளிக் கழுத்தும் தோளும் மரம் மாதிரி இருக்கும். வானத்தில் வருகிற பந்து எல்லாம் அவன் தலைக்குத்தான். அவன் தலையால் அடித்தால் சில ஆட்டக்காரர்கள் காலால் அடிக்கிற தூரம் போகும்.

அந்த சீசனில் நாங்கள் தாம்பரம் பக்கமும் காஞ்சிபுரம் பக்கமும் போய் ஆடினோம். மின்சார ரயிலில் வலைப்பையில் பந்துகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நின்றபடி போவோம். யாரும் எங்களைப் பெரிதாக நினைக்கவில்லை. முதல் ஆட்டத்தில் ஜெயித்தபோது அதிர்ஷ்டம் என்றார்கள். நான்காவதிலும் ஜெயித்தபோது எங்கள் பி.டி. சார், உடற்பயிற்சி ஆசிரியர், புதுக்குடை ஒன்று வாங்கினார். அதை அணியின் வெற்றியோடு சேர்த்துத்தான் நாங்கள் பேசினோம். அந்த நான்கு ஆட்டத்திலும் எங்கள் பக்கம் விழுந்தது ஒரே கோல். கோல்கீப்பராக நின்ற கேப்டன், ஊரப்பாக்கத்துக்காரன், "நான் சும்மா போஸ்ட்டாண்ட நின்னுகினு வேடிக்க பாக்கறேன், எல்லாம் இவன் தலையிலயே முடிஞ்சி பூடுது" என்று அவன் முதுகில் தட்டுவான்.

பி.டி. சார் அவனைத் தனியாக அழைத்துச் சொன்னதை அவன் என்னிடம் சொன்னான். இறுதி ஆட்டத்துக்குப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருவார்கள். பல்கலைக்கழகத்துக்காக ஆடியவன் என்று ஒரு சான்றிதழ் கையில் இருந்தால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். "ஒரே ஒரு மேட்ச் அவங்க உன்னைப் பாக்கணும், அது போதும்" என்றாராம்.

அவனுக்கு அது போதும்தான். அதற்குமேல் அவனிடம் காலம் இல்லை. அவன் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருந்தது. கூட வந்துகொண்டிருந்த மாமன் முதுகுப் பிடிப்பில் படுத்துவிட்டார். படகுக்கு ஒரு ஆள் குறைந்தது. மகனைக் கூப்பிட்டார் அப்பா. மகன் இந்த ஒரு வருஷம் விடச் சொன்னான். "இந்த சீசன் மட்டும் பாரு. இன்னா ஆவுதோ ஆவட்டும். அப்பால தொழிலுக்கு வந்துடணும்" என்று அவர் ஒப்புக்கொண்டார். அங்கே தொழில் என்றால் கடல் ஒன்றுதான். அந்த வருஷம் முழுக்க வேறு வேறு ஆளைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனார்.

கடலை அவன் வெறுத்தான் என்று சொல்ல முடியாது. அதைப்பற்றி அவன் பேசுவதே இல்லை. ரயில் வேலையைப் பற்றிப் பேசினான். எந்த வேலையானாலும் சரி, தண்டவாளத்துக்குச் சரளை கொட்டுகிற வேலையானாலும் சரி என்பான். "ராத்திரி படுத்தா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு யோசிக்காம தூங்கணும் மச்சான், அவ்ளோதான்" என்று ஒருமுறை சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை விடுதி மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு கிடையாது. எனக்கு வீட்டுக்குப் போகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதனால் ஞாயிறுதோறும் அவனோடு குப்பத்துக்குப் போனேன். அவன் அப்பா முதல் தடவை என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது "கடலுக்கு வரியா?" என்றுதான். போனேன். கரை கண்ணில் இருக்கும்போதே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். திரும்பி வரும்வரை அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் தட்டில் யாரும் அளந்து வைக்கவில்லை.

சாயங்காலம் கரையில் ஆட்டம் நடக்கும். வெறுங்கால், கட்டுமரத் துடுப்பை நட்டு கோல். ஒரு பக்கம் எல்லை, படகுகள் நிறுத்தியிருக்கிற மேடு. இன்னொரு பக்கம் எல்லை கடல். கடலுக்குக் கோடு போட முடியாது. அது ஏறும், இறங்கும். ஆகவே அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பந்து தண்ணீரைத் தொட்டால் ஆட்டம் நின்றது. முதலில் எவன் கையால் எடுக்கிறானோ அவனுக்குத்தான் த்ரோ, அவன்தான் எறிய வேண்டும்.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் ஆட்டம் மட்டுமல்ல. அலை ஒருமுறை பந்தை உள்ளே இழுத்தால் திரும்பத் தராது. இன்னொரு பந்து வருகிறவரை மாதக்கணக்கில் ஆட்டம் கிடையாது. பந்தைக் கடலுக்கு விட்டவனை ஊரே திட்டும். அதனால் அந்தக் குப்பத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது உடம்பில் இருந்தது: பந்து தண்ணீரைத் தொட்டதும் காலை மறந்து கை போக வேண்டும், மற்றவன் கைக்கு முன்னால் போக வேண்டும். முதல் சில வாரம் என் கால்தான் முந்தியது. "கைடா, கை! காலால தள்ளி கடலுக்கே குட்த்துடுவே போல கீது!" என்று பொடிசுகள்கூடக் கத்தும். சீசன் நடுவுக்குள் நானும் பழகிவிட்டேன். அவன் பந்தைத் தண்ணீரிலிருந்து தூக்குவதைப் பார்த்ததும், அவன் எறிவதற்கு வாட்டமாக நான் மேட்டுப்பக்கம் ஓடுவேன். அவன் தலைக்குமேல் தூக்கி எறிந்தால் நேராக என் நெஞ்சுக்கு வரும். ஞாயிறுக்கு ஞாயிறு இதைத்தான் செய்தோம்.

கல்லூரி மைதானத்தில் இதற்கு வேலையே இல்லை. அங்கே தண்ணீர் ஏது? ஆடி ஆவணியில் தொடங்கிய சீசன். போன இடமெல்லாம் செம்மண், புழுதி, கட்டாந்தரை. அரையிறுதிக்கு முன்னால்தான் வடகிழக்கு மழை பிடித்தது.

அந்த ஆட்டம் செங்கல்பட்டிலேயே நடந்தது. காலையில் மழை சற்று ஓய்ந்திருந்தது. நடுவர் பந்தை உருட்டிப் பார்த்தார்; உருண்டது. ஆடலாம் என்றுவிட்டார். முதல் பாதி சேற்றில் வழுக்குவதும் எழுவதுமாகப் போனது. இரண்டாம் பாதியில் மறுபடி கொட்டியது. நாங்கள் காத்த பக்கம் ஏரியை ஒட்டிய தாழ்வான பக்கம். கொஞ்ச நேரத்தில் எங்கள் பெனால்டி பாக்ஸ் குட்டை ஆகிவிட்டது. வெள்ளைக்கோடு கரைந்து சுண்ணாம்புத் தண்ணீராக மிதந்தது. இருபக்கமும் கோல் இல்லை. அவன் அன்று ஆடிய ஆட்டம் நான் எங்கும் பார்க்காதது. எதிரணியின் முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் எரிச்சலில் "டேய், நீ தூங்கவே மாட்டியாடா?" என்று அவனைக் கேட்டான். அவன் சிரித்தான்.

கடைசி நிமிடங்களில் எதிரணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் வேறு வழியில்லாமல் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடித்தான். அது யாருக்கும் அடிக்கப்பட்ட பந்து அல்ல. மழையில் நனைந்து கனத்து, எங்கள் பாக்ஸுக்குள் விழுந்தது. எகிறவில்லை. பொத்தென்று தண்ணீர் சிதறியது, பந்து அப்படியே நின்று, லேசாக ஆடியது. அவன் இரண்டு எட்டில் அங்கே இருந்தான். குனிந்தான். இரண்டு கையாலும் எடுத்தான். தலைக்குமேல் உயர்த்தி வலது பக்கம் திரும்பினான்.

நான் ஓடிக்கொண்டிருந்தேன். அவன் குனிந்ததைப் பார்த்ததுமே என் கால் கிளம்பிவிட்டது. கோட்டுப்பக்கம் விலகி, நெஞ்சைத் திறந்து, பந்துக்கு நின்றேன்.

நடுவர் விசில் ஊதினார். பந்து இன்னும் அவன் தலைக்குமேல்தான் இருந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம்தான் அவன் கண்ணில் அது எந்த இடம் என்பது வந்தது. அவன் பந்தை உயரத்திலிருந்து போடவில்லை. மெதுவாகக் குனிந்து, எடுத்த இடத்திலேயே, தண்ணீரிலேயே வைத்தான்.

பெனால்டிக்கு கேப்டன் சரியான பக்கம்தான் பாய்ந்தான். கால் வழுக்கிவிட்டது.

முடிந்த பிறகு கேப்டன் அவன் ஜெர்சியைப் பிடித்து உலுக்கினான். "இன்னாடா பண்ணே? யாரும் இல்லடா உன்னாண்ட! ஒத்த ஆளு இல்ல! இன்னாத்துக்குடா கைய வெச்சே?"

"எவ்ளோ டப்பு குட்த்தானுங்கன்னு கேளு" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

நான் நடுவில் புகுந்து கரையாட்டத்தைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் பட்டால் கையால் எடுப்பது அங்கே சட்டம், பழக்கத்தில் வந்துவிட்டது என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"கடலா? செங்கல்பட்ல எங்கடா கீது கடலு?" என்றான் கேப்டன். இரண்டு பேர் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

பி.டி. சார் என்னை விலகச் சொன்னார். "நீ பேசாத. அவன் சொல்லட்டும்" என்றார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் தன் புதுக்குடையை மடக்கினார், மழை பெய்துகொண்டிருக்கும்போதே, மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவன் காசு வாங்கவில்லை என்று அவர் நம்பியிருந்தால் திட்டியிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவன் ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல ஊர்களில் பல வேலைகளில் இருந்தபோது யோசித்திருக்கிறேன். காசு வாங்கினான் என்று நினைத்தால் அவனை அயோக்கியன் என்பார்கள். உண்மையைச் சொன்னால் குப்பத்தானுக்குச் சட்டம் தெரியாது என்பார்கள். அவன் இரண்டாவதற்குப் பயந்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆக, நடந்துகொண்டிருந்தோம்.

திருக்கழுக்குன்றம் வரும்வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குள் ஒரு டீக்கடை ஓரம் நின்றான். நான் அருகில் போனேன்.

"மச்சான்."

"சொல்றா."

"நீ எதுக்குடா ஓடினே?"

"எப்போ?"

"நான் பந்த தூக்கினப்போ. நீ அந்தாண்ட ஓடினியே, பாத்தேன்."

"த்ரோ வாங்கத்தான்."

அவன் என்னையே பார்த்தான். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். "த்தூ, ரெண்டு பேருமே லூசுடா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் தாங்கவில்லை. டீக்கடைக்காரர் எங்களைக் குடித்தவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்குவது நிற்க நேரமானது. நான் இரண்டு டீ சொன்னேன். அவன் டீ ஆறிவிட்டது, ஆறியதைத்தான் குடித்தான்.

அங்கிருந்து ஒரு சவுக்குக்கட்டை டிராக்டர் எங்களை ஏற்றிக்கொண்டது. கட்டை மேல் படுத்துக்கொண்டு வந்தோம். மாமல்லபுரம் தாண்டிக் குப்பத்தில் இறங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. கடல் கரையிலிருந்து வெகுதூரம்வரை மண்ணிறமாக இருந்தது.

அவன் அப்பா படகின் பக்கத்தில் குந்தி எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"பூட்ச்சா?"

"பூட்ச்சி நைனா."

"எத்தினி கோலு?"

"ஒண்ணு. பெனால்டி. என்னாலதான்." அவன் எல்லாவற்றையும் நாலு வரியில் சொன்னான். மைதானத்தில் யாருக்கும் சொல்லாததை அப்பாவுக்கு எதையும் மறைக்காமல் சொன்னான்.

அவர் துணியைக் கீழே வைத்தார். "தண்ணி பட்ச்சி இல்ல?"

"பட்ச்சி."

"அப்பால இன்னா? எடுக்கத்தான செய்வான் எவனும்?"

"அங்க ரூலு வேற நைனா."

"இன்னா ரூலு?" அவர் நிஜமாகவே கேட்டார். அவரும் அந்தக் கரையில் ஆடியவர். அவருடைய மகன் செய்ததில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினார், அவருக்கு அகப்படவில்லை. அன்று முழுவதும் அவனைக் குற்றவாளியாகப் பார்க்காத ஒரே மனிதர் அவர்தான். அதே நேரத்தில் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததையும் பார்த்தேன். வருஷம் முழுக்கக் காத்திருந்த ஆள் கிடைத்துவிட்டான். அது முகத்தில் தெரிவது அவருக்கே பிடிக்கவில்லை போல, எழுந்து கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

"தண்ணி கலங்கிகீது. காத்தும் அடங்கிச்சி. ஏரித்தண்ணி எல்லாம் கடல்ல வந்து விழுதா, இறால் ஓடும்" என்றார். பிறகு, அவனைப் பார்க்காமலே, "அவசரம் இல்ல. ரெண்டு நாள் படுத்துகினு அப்பால வா."

"வாணாம் நைனா. காலைலயே வரேன்."

அவர் தலையை ஆட்டினார். இரவு அவன் அம்மா என் தட்டில் சோறு வைக்கும்போது விடுதிக்கு எப்போது போகிறாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மைதான், ஆனால் போகப்போவதில்லை என்று சாலையிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அவனை ஜன்னலிலிருந்து கேலி செய்தவர்களோடு ஒரே வரிசையில் தட்டு வைத்து உட்கார மனம் வரவில்லை. எந்த இடத்தையும் விட்டுப் போக எனக்கு எப்போதுமே இதைவிடச் சின்னக் காரணம் போதுமானதாக இருந்திருக்கிறது.

விடியும்போது படகைத் தள்ளினோம். நானும் தோள் கொடுத்தேன். அவன் லுங்கியை மடித்துக் கட்டி, பழைய பனியன் ஒன்று போட்டிருந்தான். படகு மிதந்ததும் தாவி ஏறினான். நானும் விளிம்பைப் பிடித்தேன். அவன் அப்பா என் கையைத் தட்டிவிட்டார். "நீ வாந்தி எடுக்கிற ஆளு. கரையில நில்லு." அவர் அதைக் கனிவாகத்தான் சொன்னார். படகு மண்ணிறத் தண்ணீரில் இரண்டு அலை ஏறி இறங்கிப் போனது. அவன் முன்பக்கம் உட்கார்ந்திருந்தான், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மேட்டில் இறால் ஏஜென்டின் கொட்டகை இருந்தது. ஐஸ் வண்டி வந்து நின்றிருந்தது. உடைக்க ஆள் போதவில்லை. "இன்னா அண்ணாத்த, சும்மா நின்னுகினு கீற? ஐஸ் ஒடைக்கிறியா?" என்று ஏஜென்ட் கேட்டார். சரி என்றேன். என்ன வேலை, எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெரிய ஐஸ் கட்டியைச் சாக்கில் போட்டு மரக்கட்டையால் அடிக்க வேண்டும். சில்லாகிற வரை அடித்து, பெட்டியில் கொட்ட வேண்டும். கீழே ஓடுகிற தண்ணீர் வெறுங்காலைக் கத்தி மாதிரி அறுத்தது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. அவன் வீட்டுக்குப் போய் என் பூட்ஸை எடுத்துவந்து மாட்டிக்கொண்டேன். இறால் தரம் பிரிக்கிற பெண்கள் சிரித்தார்கள். "இன்னாப்பா, ஐஸு மேல பந்தா ஆடப்போற?" என்றாள் ஒருத்தி.

வெயில் ஏறியபோது படகுகள் வந்தன. இறால் அவர் சொன்னதுபோலவே ஓடியிருந்தது. அவன் தோளில் ஒரு கூடையோடு மேடேறி வந்தான். முகத்தில் உப்பு பூத்திருந்தது. கூடையை என் முன்னால் இறக்கினான். நான் அதன்மேல் ஐஸைக் கொட்டினேன். அவன் என் காலைப் பார்த்தான்.

"காலேஜ் பூட்ஸுடா அது."

"தெரியும்."

"லேஸ இழுத்துக் கட்டு. வழுக்கிடும்."

குனிந்து கட்டிக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவன் அடுத்த கூடைக்காகப் பாதி தூரம் இறங்கிப் போயிருந்தான். நான் இன்னொரு ஐஸ் கட்டியை எடுத்துச் சாக்கில் போட்டேன்.